ஊர்த் தண்ணீரும் உடல்நலமும்

பிற மாநிலங்களில் வாழும் தமிழர் நால்வர் ஒன்று கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஊர்த் தண்ணீரின் சுவையில் வந்து நிற்பது வழக்கம். வடக்கே ரயிலேறும்போது பித்தளைக் கூஜாவில் வீட்டுக் கிணற்று நீரை நிரப்பிக் கொடுத்தனுப்பிய தாய்மாரை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். இவ்வன்பு போற்றத்தக்கதே. ஆயினும் அன்புக்குரிய நீர் அனைத்தும் அருந்தத்தக்க நீர்தானா என்பதை வரலாற்றின் துணைகொண்டு சிறிது ஆராய்வோம்.

சித்தூரிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில், பாகுதா ஆற்றங்கரையில் காணிப்பாக்கம் அமைந்திருக்கிறது. 1953ஆம் ஆண்டு வரை சென்னை மாநிலத்தில் இருந்து, இன்று ஆந்திரத்தில் விளங்கும் இத்தலத்தின் கதை தண்ணீர்த் தேவையிலேயே பிறக்கிறது. பார்வையற்றவர் ஒருவர், செவி கேளாதவர் ஒருவர், வாய் பேசாதவர் ஒருவர் என மூன்று சகோதரர் சிறு நிலத்தை உழுது வாழ்ந்தனர். கிணறு வற்றவே அதனை ஆழமாகத் தோண்டினர். இரும்புக் கருவி கல்லொன்றில் பட்டதும் செந்நீர் பெருகிற்று, மூவர் குறையும் நீங்கிற்று, விநாயகர் வெளிப்பட்டார். ஊரார் உடைத்த தேங்காய்களின் இளநீர் ஒரு காணி நிலத்தில் பரவியதால் இப்பெயர் வந்தது என்பர். இன்றும் மூர்த்தி கிணற்று நீரிலேயே எழுந்தருளியிருக்கிறார். அந்நீரே அன்பர்க்குத் தீர்த்தமாக வழங்கப்படுகிறது.

கிணறு வற்றினால் குடியும் வற்றும் நாட்டில் மக்கள் நீரைத் தெய்வமாகக் கொண்டதில் வியப்பில்லை. ஆனால் வழிபாட்டுக்குரிய தூய்மை வேறு. குடிப்பதற்குரிய தூய்மை வேறு. இவ்வேறுபாட்டை உலகம் பெருந்துன்பத்தின் வாயிலாகவே கற்றது. 1867ஆம் ஆண்டு அரித்துவாரக் கும்பமேளாவிலிருந்து ஊர் திரும்பிய யாத்திரிகரோடு காலராவும் வட இந்தியாவெங்கும் பரவியது.

அதற்கு 13 ஆண்டுகள் முன்னரே, இலண்டன் மாநகரில் ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் காலரா நீர்வழியே பரவுகிறது என்று காட்டியிருந்தார். பிராட் தெருவிலிருந்த அடிகுழாய் ஒன்றைச் சுற்றியே 1854இல் சாவுகள் மிகுந்தன. அத்தெருவை விட்டுத் தொலைவான ஹாம்ஸ்டெட் பகுதிக்குக் குடிபெயர்ந்த மூதாட்டி ஒருவர், அக்குழாய் நீரின் சுவையை மறக்கமாட்டாமல் நாள்தோறும் அதனைப் புட்டியில் வரவழைத்துப் பருகி வந்தார். அவரும் காலராவுக்கு இரையானார். அந்நீரைப் பருகிய அவருடைய உறவுப் பெண்ணும் மாண்டார். ஊர்த் தண்ணீர்மீது கொண்ட ஆசை உயிருக்கே உலை வைத்த நிகழ்ச்சி இது. நாவுக்கு இனித்த அந்நீரில் நஞ்சு இருந்ததைக் கண்ணோ நாவோ அறியவில்லை.

1883இன் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்த ராபர்ட் காக், மக்கள் குளித்தும் துணி துவைத்தும் குடித்தும் வந்த குளமொன்றில் காலராக் கிருமியைக் கண்டார். அக்கிருமி உமிழும் நஞ்சே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்பதை அதே நகரில் 1959இல் சம்புநாத் தே நிறுவினார். எனவே நோயாளி மாள்வது, உடல் நீரை இழப்பதனால்தான். 1971இல் வங்காள எல்லையிலிருந்த அகதி முகாமில் திலீப் மகலனோபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகச் செய்தார். நூற்றுக்கு 30 ஆக இருந்த சாவு 4க்கும் கீழே இறங்கிற்று. கெட்ட நீர் உயிரைக் கவர்ந்தது. நல்ல நீர் அதனை மீட்டது.

இவ்வரலாறு நமக்குக் கூறும் நெறி எளியது. ஐயத்திற்குரிய நீரை நன்கு கொதித்தெழுந்தபின் ஒரு நிமிடமேனும் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மூடிய பாத்திரத்தில் வைத்தல் வேண்டும். குடத்தினுள் கைவிடாமல் பிடியுள்ள அகப்பையால் மொண்டு கொள்ளல் நன்று. கோடையிலும் நெடும்பயணத்திலும் தாகம் மிகும்வரை காத்திராமல் அவ்வப்போது பருகுதல் நலம். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாதல் உடல் கேட்கும் நீரின் அறிகுறி. வயிற்றுப்போக்கு நேர்ந்தால், ஒரு லிட்டர் தூய நீரில் தட்டையாக அளந்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்து, மருத்துவரை நாடுதல் கடமை.

விடுமுறையில் காணிப்பாக்கம் செல்லும் அன்பர்கள் ஒரு கைத் தீர்த்தத்தைப் பக்தியோடு ஏற்கட்டும். குழந்தைகளின் தாகத்திற்கோ, காய்ச்சி ஆறிய நீரைக் கூஜாவில் கொண்டு செல்லட்டும். வறண்ட கிணற்றைத் தோண்டிய அம்மூவரும் தேடியது, குடும்பம் பிழைப்பதற்கான நீரையே அன்றோ!