கிள்ளான் பள்ளத்தாக்கின் சொந்தச் சர்வர்கள்

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கின் தொடக்ககாலக் கணினிவழிச் சமூக வலைகளில் ஒன்று, பல்கலைக்கழக யூனிக்ஸ் கணினிகளும் சாதாரணத் தொலைபேசிக் கம்பியும் சேர்ந்து உருவானது. மலேசிய அரசு 1985இல் மைமோஸ் என்ற மின்னணு ஆய்வு அமைப்பைப் பிரதமர் துறையின் கீழ் நிறுவியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் முகமது அவாங் லா அதில் சேர்ந்து, 1980களின் பிற்பாதியில் ‘ராங்கோம்’ என்ற வலையமைப்பை நடத்தினார். ‘ரங்கையான் கொம்ப்யூத்தர் மலேசியா’ என்பதன் சுருக்கம் அது. நாட்டின் பெயரைத் தாங்கும் ‘.மை’ களப்பெயரும் 1987இல் பதிவானது.

அக்காலத்து யூனிக்ஸில், கணினிகள் தொலைபேசி வழியே ஒன்றோடொன்று பேச உதவும் ‘யூயூசிபி’ என்ற நிரல்தொகுதி உடன் வந்தது. பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் எழுதிய இது, 1979இல் வெளியான ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே இடம்பெற்றிருந்தது. இதை நிறுவுவதில் பெரும்பகுதி வேலை ஒரே ஒரு கோப்பில்தான். பக்கத்துக் கணினிகள் எவை, எந்தத் தொலைபேசி எண், எந்த நேரத்தில் அழைக்கலாம், என்ன பெயரும் கடவுச்சொல்லும் சொல்லி உள்ளே நுழைய வேண்டும் என்பதை நிர்வாகி அதில் வரிவரியாக எழுதி வைப்பார். குறித்த நேரத்தில் மோடம் எண்ணைச் சுழற்றும். சேர்ந்திருந்த கடிதங்கள் போகும், வந்தவை இறங்கும், இணைப்பு அறுந்துவிடும். ஒருவருக்குக் கடிதம் எழுத வேண்டுமானால், அது கடக்கும் கணினிகளின் பெயர்களை வரிசையாக எழுதி, இடையில் ஆச்சரியக்குறி இட வேண்டும். கடிதம் போகும் பாதையே முகவரியாக இருந்தது.

இதே கம்பியில் யூஸ்நெட்டும் ஓடியது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் 1979இல் திட்டமிட்ட விவாதக் குழுக்களின் வலை அது. மையக் கணினி கிடையாது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு படி இருக்கும். எந்தக் குழுக்களை வாங்குவது, எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை அந்தந்த இடத்து நிர்வாகியே முடிவு செய்வார். தனித்தனிச் சர்வர்கள் தமக்குள் இணைந்து இயங்கும், இன்று ‘ஃபெடிவெர்ஸ்’ என்று பேசப்படும் அமைப்பின் எலும்புக்கூடு முழுவதும் இங்கேயே தெரிகிறது.

1992இல் மைமோஸ் ‘ஜாரிங்’கைத் தொடங்கியதும் நிலைமை மாறியது. மலேசியாவின் முதல் இணையச் சேவை அதுதான். 1996இல் டிஎம்நெட் வந்தது. 1511ஐச் சுழற்றினால் ஜாரிங், 1515ஐச் சுழற்றினால் டிஎம்நெட் என்பது அன்றைய பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் வீடுகளில் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். இணையம் வீட்டுக்கு வந்தது. ஆனால் வீட்டில் சர்வர் வைக்க வழியில்லாமல் போனது. ஒவ்வொரு முறை சுழற்றும்போதும் கணினிக்கு வேறு முகவரி கிடைக்கும். இணைப்பு துண்டித்ததும் அதுவும் போய்விடும். முகவரி நிலையாக இல்லாத வீட்டை வெளியார் எப்படித் தேடி வருவது? கணினி வைத்திருந்தவர்கள் இணையத்தின் வாடிக்கையாளர்கள் ஆனார்கள்.

தமிழுக்கு இன்னொரு தடையும் இருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கும் இந்திய ஆய்வியல் துறை வெகுகாலமாக உண்டு. அதே வளாகத்துக் கணினிகள் ஊர் ஊராக அனுப்பிய கடிதங்களிலோ தமிழ் எழுத்து போக முடியாது. முத்து நெடுமாறன் 1985இலேயே ‘முரசு’ மென்பொருளை உருவாக்கித் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்திருந்தார். 1990களில் ‘முரசு அஞ்சல்’ அதை மின்னஞ்சலுக்கும் எடுத்துச் சென்றது. சிட்னியில் வாழ்ந்த மலேசியத் தமிழரான பாலா பிள்ளை தொடங்கிய ‘தமிழ்.நெட்’ மடற்குழுவில், உலகின் பல மூலைகளிலிருந்து தமிழில் எழுதத் தொடங்கினார்கள். ஆயினும் அனுப்பியது அனுப்பியபடி சேருமா என்பது நடுவழியில் உள்ள சர்வரைப் பொறுத்தது.

காரணம் இது. ஆங்கில எழுத்துகளுக்கு 0 முதல் 127 வரையிலான எண்களே போதும். ஏழு பிட்டில் அடங்கிவிடும். தமிழுக்கு அதற்கு மேலுள்ள 128 இடங்கள் தேவைப்பட்டன. தமிழ்.நெட்டைச் சுற்றி நடந்த விவாதங்களில் உருவான ‘திஸ்கி’ குறியீட்டில் ‘அ’வின் எண் 171, ‘க’வின் எண் 184. பழைய அஞ்சல் சர்வர்கள் சில எட்டாவது பிட்டை வெட்டிவிட்டுத்தான் அனுப்பும். அப்போது ஒவ்வோர் எண்ணிலும் 128 குறையும். 171 என்பது 43 ஆகும். அது கூட்டல் குறி. 184 என்பது 56 ஆகும். அது 8 என்ற இலக்கம். ‘அக்கா’ என்று தொடங்கும் கடிதம் ‘+’ என்று தொடங்கிப் போய்ச் சேரும். அந்த ஒரு பிட்டைக் காப்பாற்றும் அமைப்பு யார் கையில் இருந்ததோ, அவர் கையில்தான் தமிழும் இருந்தது. சொந்தச் சர்வர் என்பது தமிழருக்கு வெறும் தொழில்நுட்ப ஆசையாக இல்லாமல் போனதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

தமிழுக்கு நிலையான குறியீட்டுக்கான வழியும் யூனிக்ஸ் முகாமிலிருந்தே வந்தது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், ராப் பைக்குடன் சேர்ந்து 1992இல் வகுத்த, யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். ‘அம்மா’வுக்கு 15 பைட். இடம் கூடுதல்தான், ஆனால் எட்டாவது பிட்டை வெட்டாத சர்வர் வழியே எழுத்து சிதையாது. 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் உத்தமம் அமைப்பின் தமிழிணைய மாநாடு கூடியபோது திஸ்கி, தாப், யூனிகோடு எனப் பல குறியீடுகள் அருகருகே புழங்கின. அடுத்த பத்தாண்டில் யூனிகோடு நிலைபெற்றது. நெடுமாறனின் இணைமதி எழுத்துருவும் அஞ்சல் விசைமுறையும் யூனிக்ஸ் வழிவந்த மேக் இயங்குதளத்திலேயே இடம்பெற்றன.

சமூக வலை இதற்குள் பெருநிறுவனங்களின் கைக்குப் போயிருந்தது. அதற்கு மாற்றாக 2008இல் மாண்ட்ரியலின் எவன் புரோட்ரோமூ, சொந்தச் சர்வரில் நிறுவக்கூடிய சமூக வலை மென்பொருளான லகோனிகாவை வெளியிட்டார். 2010இல் அதே வகையில் டயஸ்போரா வந்தது. அதே 2010 மார்ச்சில் பங்சார், சுபாங் ஜெயா, ஷா ஆலம், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் ஆகிய இடங்களில் யூனிஃபை ஒளியிழை இணைப்பு அறிமுகமானது. பிரிக்ஃபீல்ட்ஸை அடுத்துள்ள பங்சார் வீடுகளின் வாசல்வரை வேகம் வந்துவிட்டது. சர்வருக்குத் தேவையான மேலேற்ற வேகமும் வந்தது.

2016இல் ஜெர்மனியின் ஓய்கன் ரோச்கோ வெளியிட்ட மாஸ்டடான், இந்த வரிசையில் அதிகம் பரவியது. அதை லினக்ஸில் நிறுவும் முறை யூயூசிபி காலத்தை நினைவூட்டும். முதலில் ஒரு களப்பெயர் வேண்டும். இதை அவசரப்பட்டுத் தேர்ந்தால் பின்னர் மாற்ற முடியாது, ஏனெனில் பிற சர்வர்கள் பயனரை அந்தப் பெயரோடுதான் அறிந்திருக்கும். அடுத்து டெபியன் போன்ற லினக்ஸில் மாஸ்டடானுக்கென்று தனிப் பயனர் கணக்கு, பதிவுகளுக்குப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், வேலை வரிசைக்கு ரெடிஸ், நிரல் ஓட ரூபியும் நோடும், வாசலில் என்ஜின்எக்ஸ், பூட்டுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ். நிறுவுவது ஒரு நாள் வேலை. பராமரிப்புதான் நீண்டது. மற்ற சர்வர்களிலிருந்து வரும் படங்களின் நகல்கள் வட்டை நிரப்பிக்கொண்டே போகும். அவற்றை அவ்வப்போது துடைக்க வேண்டும், தரவுத்தளத்தின் பேக்அப்பை வேறிடத்தில் வைக்க வேண்டும். வீட்டு இணைப்பின் முகவரி மாறும் பழைய தொல்லை ஒளியிழையிலும் தீரவில்லை. அதனால் பலர் மாத வாடகைக்கு மெய்நிகர் சர்வர் எடுத்து, அதில் நிறுவுகிறார்கள். சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை 2018 ஜனவரியில் டபிள்யூ3சியின் பரிந்துரையானது.

ராங்கோமின் வாரிசான ஜாரிங் 2015இல் மூடப்பட்டது. மலேசியாவில் 80 லட்சமோ அதற்கு மேலோ பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்களும் செய்திச் செயலிகளும் உரிமம் பெற வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. சில நூறு பேருக்கான சொந்தச் சர்வர் அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கிறது. ஆனால் 1998ஆம் ஆண்டுத் தகவல்தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு வலையமைப்பைத் தவறாகப் பயன்படுத்துவோர் எவருக்கும் பொருந்தும். அதனால் யாரைச் சேர்ப்பது, எந்தப் பதிவை நீக்குவது, எந்த வெளிச் சர்வரோடு தொடர்பைத் துண்டிப்பது என்ற முடிவுகளை, யூஸ்நெட் காலத்தைப் போலவே, அதை நிறுவியவரே எடுக்கிறார்.