கங்கைக்கரையும் சிற்றாற்றங்கரையும்

ஒரே பெயரைத் தாங்கிய இரண்டு ஊர்களில் ஒன்று பெருநகராகவும் மற்றது சிற்றூராகவும் அமைந்துவிட்டால், சிறியதைப் பெரியதன் நிழலாகக் கருதுவது நம் வழக்கம். காசியையும் தென்காசியையும் பலகாலம் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வாரணாசி நகரில் ஏறத்தாழ 12 லட்சம் மக்கள். தென்காசியிலோ 70 ஆயிரம். அங்கே ஓடுவது கங்கை. இங்கே ஓடுவது, பெயரிலேயே தன் அளவை ஒப்புக்கொண்ட சிற்றாறு.

ஆனால் இப்பெயர் பிறந்த சூழலை நோக்கும்போது நிழல் என்ற சொல் பொருந்தவில்லை.

1311இல் மாலிக் காபூரின் படையெடுப்பு, பின்னர் மதுரைச் சுல்தான்களின் ஆட்சி, அதன்பின் விஜயநகர ஆதிக்கம் என்று 14ஆம் நூற்றாண்டு முழுவதும் பாண்டியர்க்கு இழப்பின் காலம். கூடல் மாநகரை இழந்த மரபினர் தெற்கே ஒதுங்கினர். அவர்களுள் ஒருவனான பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் சிற்றாற்றங்கரையில் விசுவநாதர்க்குக் கோயில் எடுத்தான். நெடுவழி நடந்து காசிக்குச் செல்லும் தென்னாட்டு அடியார் பலர் வழியிலேயே மாண்டுபோவதால், தனக்குத் தெற்கிலேயே ஆலயம் எழுப்புமாறு இறைவன் அவன் கனவில் பணித்ததாகத் தலபுராணம் கூறும். கனவை விடுத்தாலும் ஒன்று எஞ்சுகிறது. இழந்த தலைநகரின் பெயரைப் புதிய ஊருக்குச் சூட்டி 'இன்னொரு மதுரை' என்று ஆறுதல் தேடிக்கொள்ளாமல், எவரும் தமதென்று உரிமை கொண்டாடவியலாத ஒரு நகரின் பெயரை அவ்வூர் ஏற்றது.

வடக்கே இமயச் சாரலில் பாகீரதியின் கரையில் உத்தரகாசி என்றோர் ஊர் உண்டு. அங்கும் விசுவநாதர் கோயில் உண்டு. ஆகவே ஊர்ப்பெயர் என்பது முகவரி மட்டுமன்று. நெடுந்தொலைவைச் சுருக்கும் கருவியுமாகும். அதே மரபில் வந்த அதிவீரராம பாண்டியன் 16ஆம் நூற்றாண்டில் 'காசி காண்டம்' பாடியதையும் இவ்வகையிற் காணலாம். தென்காசியின் அரசன் வடகாசியைத் தமிழுக்குக் கொணர்ந்தான்.

இன்னொரு முரணும் இதில் உண்டு. காசி விசுவநாதர் ஆலயம் 1669இல் ஔரங்கசீப்பின் ஆணையால் இடிக்கப்பட்டது. இன்று நாம் வழிபடும் கோயில் 1780இல் அகல்யாபாய் ஹோல்கர் எழுப்பியது. அதனினும் மூன்று நூற்றாண்டுகள் மூத்தது பராக்கிரமன் எடுத்த கோயில். பெயரில் தென்காசி இளையது. கட்டடத்தில் அதுவே மூத்தது.

கட்டியவை அழியக்கூடும் என்பதைப் பராக்கிரமன் அறிந்திருந்தான்; மதுரையை இழந்த மரபினன் அல்லவா? தென்காசிக் கல்வெட்டுப் பாடலில் அவன் தன் வெற்றிகளைப் பேசி அமையவில்லை. இக்கோயிலுக்குப் பின்னாளில் ஊறு நேர்ந்தால் அதனைச் சீர்செய்வோர் யாராயினும் அவர்தம் அடிகளில் வீழ்ந்து வணங்குவதாக எழுதிவைத்தான். ஓர் அரசன், இன்னும் பிறவாத யாரோ ஒருவரின் காலில் விழுகிறான்.

நெடுங்காலம் சிதைந்து நின்ற அக்கோயிலின் கோபுரம் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்து, 1990இல் குடமுழுக்குக் கண்டது. அதில் கல்லும் சுதையும் சுமந்த கரங்களுக்கும் உரியது அந்தப் பழைய வணக்கம்.