விறகும் மெழுகுவர்த்தியும் மூட்டிய தீ



அமெரிக்க விடுதலைப் போர் என்றதும் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்ட தேயிலையே நம்மில் பலருக்கும் நினைவுக்கு வரும். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே விறகையும் மெழுகுவர்த்தியையும் முன்னிட்டு ஒரு பூசல் அங்கே மூண்டது. அதனைப் பற்றி இன்று எழுத விழைகிறேன்.

1763-இல் ஏழாண்டுப் போர் முடிந்த பின்னரும் ஏறக்குறைய 10,000 வீரர்களை அமெரிக்காவில் நிறுத்திவைக்கப் பிரிட்டன் முடிவு செய்தது. கடனில் தத்தளித்த அவ்வரசு, செலவில் ஒரு பகுதியைக் குடியேறிகளின் தலையில் ஏற்றியது. 1765-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, படைக் குடியிருப்புகளில் இடம் போதாவிடின் சத்திரங்களிலும் மதுக்கடைகளிலும், அவையும் போதாவிடின் ஆளில்லாத வீடுகளிலும் களஞ்சியங்களிலும் வீரர்களைத் தங்கவைக்க வேண்டும். விறகு, மெழுகுவர்த்தி, படுக்கை, உப்பு, வினிகர் முதலியவற்றை அந்தந்தக் குடியேற்றமே வழங்க வேண்டும்.

மக்கள் வாழ்ந்த வீடுகளுக்குள் வீரர்களைப் புகுத்திய சட்டம் இது என்று பலர் எழுதுகின்றனர். சட்டம் அதற்கு இடமளிக்கவில்லை. பின் ஏன் இத்துணை எதிர்ப்பு? தங்கள் உறுப்பினர் ஒருவரும் இல்லாத இலண்டன் நாடாளுமன்றம், தங்கள் பணத்தைச் செலவிடுமாறு ஆணையிட்டதே காரணம். விறகு வடிவில் வந்தாலும் வரி வரிதான் என்று அவர்கள் கருதினர். அமைதிக் காலத்தில் நிலைப்படை எதற்கு என்ற ஐயமும் இருந்தது.

1766-இல் நியூயார்க் சட்டமன்றம் சட்டத்தை முழுமையாக நிறைவேற்ற மறுத்தது. அது பணியும்வரை வேறு சட்டம் எதையும் இயற்றலாகாது என்று 1767-இல் நாடாளுமன்றம் தடை விதித்தது. அதற்குள் சட்டமன்றம் 3,000 பவுன் ஒதுக்கிவிட்டதால் தடை நடைமுறைக்கு வரவில்லை. ஆயினும், இன்று நியூயார்க்கிற்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரலாம் என்று பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் எழுதிய மடல்கள் குடியேற்றங்கள் எங்கும் பரவின.

1768-இல் படை பாஸ்டனில் இறங்கியபோது நகரத்தார் அச்சட்டத்தையே கேடயமாக்கினர். துறைமுகத் தீவான காசில் வில்லியமில் படைக் குடியிருப்புகள் இருக்கையில் நகருக்குள் இடம் கேட்பது சட்டப்படி செல்லாது என்றனர். நெசவுக்கூடக் கட்டடம் ஒன்றில் குடியிருந்தோர் கதவைத் தாழிட்டு வெளியேற மறுத்தனர். இறுதியில் படையினர் வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டியதாயிற்று. வீரர்களுக்கும் மக்களுக்கும் இடையே வளர்ந்த பகைமை, 1770 மார்ச் 5-இல் துப்பாக்கிச் சூடாக வெடித்து ஐவரின் உயிரைக் குடித்தது.

1774-இல் ஆளில்லாக் கட்டடங்களைக் கைப்பற்றும் உரிமை ஆளுநர்களுக்கு வழங்கப்பட்டது. 1776 விடுதலைப் பிரகடனத்தின் குற்றச்சாட்டுகளுள் படைகளைத் தங்கவைத்ததும் இடம்பெற்றது. அமைதிக் காலத்தில் உரிமையாளரின் இசைவின்றி எவ்வீட்டிலும் வீரரைத் தங்கவைக்கலாகாது என்று 1791-இல் நடைமுறைக்கு வந்த மூன்றாம் சட்டத்திருத்தம் உறுதி செய்தது.

கேட்கப்பட்ட பொருள் சிறிது. கேட்கும் உரிமை யாருக்கு என்ற வினாவோ பெரிது. வரலாற்றைப் பயிலும் மாணவர்கள் இவ்வேறுபாட்டை உணர்ந்தால் அதுவே போதும் என்பேன்.