ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஒரு சின்ன நைலான் புஷ்ஷும்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் மனதில் என்ன வருகிறது? கூரை இல்லாமல் தரையோடு ஒட்டிக்கொண்டு பறக்கும் ஒரு சிவப்பு வண்டி. அதை ஓட்ட ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் தலையில் துணி கட்டிய ஒரு அம்மணி. புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்த வகைக் கார்களில் பேர்பெற்ற ஒன்று டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். அதன் கியர்பாக்ஸும் கியர் ராடும், நம் தாத்தா காலத்து டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய ஒரு சாதாரணக் குடும்பக் காருக்குள்ளும் இருந்தன. மெட்ராஸிலேயே செய்த கார். பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

கதை 1948இல் ஆரம்பிக்கிறது. அந்த ஆண்டு மார்ச் 3ஆம் தேதிதான் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து, குளத்தூர் உள்பட எல்லாம் திருச்சி மாவட்டத்துக்குள் போனது. அதே 1948இல் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கப்பட்டது. (இரண்டுக்கும் வருஷத்தைத் தவிர வேறு தொடர்பு கிடையாது, தேட வேண்டாம்!) இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் மெட்ராஸ்காரர்களின் யூனியன் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பித்த நிறுவனம் இது. முதலில் வான்கார்டு என்ற பெரிய கார். பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரும், இங்கே பூட்டி விற்பார்கள்.

1953இல் சுங்கவரிக் கமிஷன் ஒரு கறாரான யோசனையைச் சொன்னது. வெறுமனே பூட்டி விற்கிற வேலை இனி வேண்டாம், பாகங்களை இங்கேயே செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பின. கார் தயாரிப்பில் கடைசியாக நிலைத்தவை மூன்றுதான்: கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. அடுத்த முப்பது வருஷத்துக்கு இந்தியாவில் கார் வாங்க நினைத்தவருக்கு இந்த மூன்றை விட்டால் வேறு கதி இல்லை.

இனி கவென்ட்ரிக்குப் போவோம். ஸ்டாண்டர்டு கம்பெனி 1945இல் டிரையம்ப் என்ற நொடித்துப்போன கம்பெனியை வாங்கியிருந்தது. 1950களின் நடுவில் ஒரு புதிய சின்ன கார் செய்ய உட்கார்ந்தபோது ஒரு சிக்கல். அவர்களுக்கு பாடி அடித்துக் கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. வளைத்துப் போட்டுவிட்டது. எல்லோரும் சேஸிஸ் இல்லாத ஒரே கூடான பாடிக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஸ்டாண்டர்டுக்கு அப்படி ஒரு பாடியை மொத்தமாக அடித்துக் கொடுக்க ஆள் இல்லை. ஆகவே பழைய பாணியில் தனி சேஸிஸ், அதன் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டும் பாடி என்று முடிவெடுத்தார்கள். இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி அதற்கு அழகான உருவம் கொடுத்தார். 1959இல் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. முன்பக்க மட்கார்டும் பானெட்டும் ஒன்றாக முன்னால் மடங்கித் திறக்கும். உள்ளே எஞ்சின் முழுசும் கண் முன்னால். மெக்கானிக்குக் குனியவே வேண்டாம்.

கட்டாயத்தால் எடுத்த அந்த முடிவு இரண்டு இடங்களில் பலன் கொடுத்தது. சேஸிஸ் தனியாக இருந்ததால் அதைக் கொஞ்சம் குட்டையாக்கி மேலே வேறு பாடியை வைத்தால் வேறு கார் ஆகிவிடும். அப்படிச் செய்ததுதான் 1962இல் வந்த ஸ்பிட்ஃபயர். இன்னொரு இடம் மெட்ராஸ். துண்டு துண்டாகப் பூட்டும் காரைப் பெட்டியில் அனுப்புவது சுலபம், ஒவ்வொரு துண்டாக உள்ளூரில் செய்ய ஆரம்பிப்பதும் சுலபம். 1961இல் இங்கே ஹெரால்டு வந்தபோது அதன் நெற்றியில் டிரையம்ப் இல்லை, ஸ்டாண்டர்டு என்று இருந்தது. இங்கிலாந்தில் 'ஸ்டாண்டர்டு' என்றால் சுமார் ரகம் என்று அர்த்தம் மாறிப்போய் 1963இல் அந்தப் பெயரையே கைவிட்டார்கள். நம் ஊரிலோ 'ஸ்டாண்டர்டான சாமான்' என்றால் தரமான சாமான். பெற்ற ஊரில் செத்த பெயர் மெட்ராஸில் மேலும் 25 வருஷம் வாழ்ந்தது.

சரி, கியர் ராடுக்கு வருவோம். அம்பாசடரிலும் ஃபியட்டிலும் கியர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும். ஸ்டீயரிங் தண்டோடு இறங்கி, பல கம்பிகள், பல மூட்டுகள் வழியாகச் சுற்றிப் போய்த்தான் கியர்பாக்ஸைத் தொடும். ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்தால் எல்லா ஆட்டமும் சேர்ந்து டிரைவர் கையில் வந்து நிற்கும். நடுரோட்டில் கியர் சிக்கிக்கொண்டு, பானெட்டைத் திறந்து கையால் தட்டி விடுவித்த கதை பழைய அம்பாசடர் டிரைவர்கள் எல்லோரிடமும் உண்டு. ஹெரால்டில் கியர் தரையில், கைக்குப் பக்கத்தில், குட்டையாக. அந்த மூன்றில் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி கியர் போட முடிந்த கார் இது ஒன்றுதான் என்றால் அது மிகையில்லை.

அது எப்படி வேலை செய்கிறது? கியர்பாக்ஸ் எஞ்சினை ஒட்டி முன்னால் இருக்கிறது. ஓட்டுபவரின் கை அதற்கு ரொம்பப் பின்னால். அந்த இடைவெளியை நிரப்ப கியர்பாக்ஸின் மேல்மூடியிலிருந்து பின்பக்கமாக ஒரு அலுமினியக் கூடு நீண்டு வரும். அதற்குள் ஒரு ஷாஃப்ட். நாம் பிடிக்கும் கியர் ராடு அந்தக் கூட்டின் பின்முனையில் ஒரு உருண்டையில் உட்கார்ந்திருக்கும், ஏற்றம் இறைக்கும் கம்பு மாதிரி. மேலே கையை முன்னால் தள்ளினால் கீழ்முனை பின்னால் போகும், ஷாஃப்டை இழுக்கும். கையைப் பக்கவாட்டில் அசைத்தால் ஷாஃப்ட் உருளும். ஷாஃப்டின் மறுமுனை கியர்பாக்ஸ் மூடிக்குள் இருக்கும் மூன்று கம்பிகளில் ஒன்றைப் பிடித்துத் தள்ளும். ஒன்று முதல் இரண்டு கியருக்கு, ஒன்று மூன்று நான்குக்கு, ஒன்று ரிவர்ஸுக்கு. கம்பி தானாக நகராமல் இருக்க ஸ்பிரிங்கும், ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழாமல் இருக்க ஒரு தடுப்பும் உண்டு. அவ்வளவுதான் விஷயம்.

இந்த ஏற்பாட்டில் தேய்வது இரும்பு இல்லை. ஷாஃப்டின் இணைப்புகளில் இருக்கும் சின்னச் சின்ன புஷ்கள்தான், விரல் நுனி அளவு நைலானும் ரப்பரும். எஞ்சினின் அதிர்வு கைக்கு வராமல் தடுப்பது அவைதான். எஞ்சின் சூட்டிலும் எண்ணெயிலும் பல வருஷம் கிடந்து அவை காய்ந்து உதிரும். பிறகு என்ன ஆகும்? நியூட்ரலில் கியர் ராடு சாப்பாட்டுக் கரண்டி மாதிரி எல்லாப் பக்கமும் சுற்றும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டு மாதிரி ரீங்காரம் போடும். இரண்டுக்குப் போக நினைத்தால் நான்கில் விழும். இந்தச் சத்தத்தைக் கேட்டு கியர்பாக்ஸே போய்விட்டது என்று இறக்கச் சொல்பவர்களும் உண்டு. கியர் போட்ட பிறகு தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால் அது உள்விவகாரம், கியர்பாக்ஸைத் திறந்துதான் ஆக வேண்டும். கியர் நிற்கிறது, ஆனால் கண்டுபிடிக்கத்தான் கஷ்டம் என்றால் குற்றவாளி பெரும்பாலும் புஷ்தான். இந்த வித்தியாசம் தெரிந்த மெக்கானிக்கிடம் போனால் பர்ஸ் பிழைக்கும்.

சரிசெய்வதற்கு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம், இது ஹெரால்டின் இன்னொரு நல்ல குணம். முன் சீட்டுகளைக் கழற்றி, நடுவில் கியர்பாக்ஸை மூடியிருக்கும் அட்டைக் கூட்டின் ஸ்குரூக்களை எடுத்தால் எல்லாம் காருக்குள்ளேயே தெரியும். கியர்பாக்ஸையே கார் உள்பக்கமாகத்தான் வெளியே எடுப்பார்கள். கியர் ராடைக் கழற்றி, அலுமினியக் கூட்டின் நட்டுகளை விடுவித்து, கூட்டைத் தூக்கி மேஜையில் வைத்துவிடலாம். பழைய புஷ் பொடியாகக் கொட்டும். அது உட்கார்ந்திருந்த ஓட்டையைப் பார்க்க வேண்டும். வட்டமாக இருந்தால் புதுசைப் போட்டு, கிரீஸ் தடவி, மூடிவிடலாம். புஷ் இல்லாமலே பல வருஷம் ஓட்டியிருந்தால் ஓட்டை முட்டை மாதிரி ஆகியிருக்கும். அப்போது லேத் பட்டறை. ஓட்டையைப் பெரிசாக்கி வட்டமாக்கி உள்ளே ஒரு குழாய்த் துண்டை அழுத்திப் பொருத்த வேண்டும். போல்ட்டும் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும், அதையும் மாற்ற வேண்டும். மேல்மூடியை எடுத்தால் ஒரு ஜாக்கிரதை வேண்டும்: ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் சின்ன இரும்புக் குண்டு ஒன்று கியர்பாக்ஸுக்குள் விழுந்தால் அன்றைய பொழுது அதைத் தேடுவதிலேயே போய்விடும்.

உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் லேத்காரரிடம் கொடுத்தால் அவருக்குக் கைவந்தது பித்தளைதான். பித்தளை புஷ் தேயாது, வாழ்நாளுக்கும் வரும். ஆனால் இரும்பும் பித்தளையும் உரசும் இடத்தில் அதிர்வு அப்படியே மேலே ஏறும், ரீங்காரம் போகாது. நைலான் கட்டையில் கடைந்ததுதான் நல்லது. தேய வேண்டியது புஷ்தான், அது தேய்ந்தால்தான் ஷாஃப்ட் பிழைக்கும்.

இப்போது வணிகவியல் பக்கம் கொஞ்சம் போக வேண்டியிருக்கிறது. கார் வாங்கப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க மக்கள் தயாராக இருந்த நாட்டில், ஸ்டாண்டர்டு ஏன் பெரிதாக வளரவில்லை? எவ்வளவு செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ், வெளிநாட்டிலிருந்து எதை வரவழைக்கலாம் என்பதற்கு அனுமதி, 1969இலிருந்து என்ன விலைக்கு விற்கலாம் என்பதற்கும் அரசாங்க உத்தரவு. அந்த விலை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மூன்று கம்பெனிகளில் சின்னது ஸ்டாண்டர்டு. குறைந்த எண்ணிக்கையில் செய்பவருக்கு ஒரு காருக்கு ஆகும் அடக்கச் செலவு அதிகம், புது மாடலுக்கு ஒதுக்கப் பணம் குறைவு. ஆனாலும் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் கடைசி வரை ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான், நான்கு கதவு ஹெரால்டைச் செய்தது மெட்ராஸ். 1972இல் அதையே மாற்றி கெஸல் என்று விட்டார்கள். பாரம் ஏற்றினால் கால் அகட்டி நிற்கும் ஹெரால்டின் பின் சக்கர ஏற்பாட்டை எடுத்துவிட்டு நம் ரோட்டுக்கேற்ற நேரான ஆக்ஸில் போட்டார்கள். எஞ்சின் அதே 948 சி.சி. தான். 1977 வாக்கில் அதுவும் நின்றது.

பிறகு 1985இல் ஸ்டாண்டர்டு 2000. வெளியே பார்த்தால் 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் பரிசு வாங்கிய ரோவர். உள்ளே பழைய வான்கார்டு வம்சத்து 1991 சி.சி. எஞ்சின். (1953இல் டிரையம்ப் டி.ஆர். 2 ஸ்போர்ட்ஸ் காரில் ஓடியதும் இதே 1991 சி.சி. குடும்பம்தான். ஆனால் அது 1953!) இதற்குள் 1983 டிசம்பரிலேயே மாருதி 800 வந்து, எடை குறைந்த, பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் கார் எப்படி இருக்கும் என்று ஜனங்களுக்குக் காட்டிவிட்டது. விலையும் அதிகம், பெட்ரோல் செலவும் அதிகமான 2000ஐ வாங்க ஆள் இல்லை. 1988 வாக்கில் கார் தயாரிப்பு நின்றது. தாம்பரம் தாண்டிப் பெருங்களத்தூரில் இருந்த தொழிற்சாலை ரொம்ப காலம் பூட்டிக் கிடந்தது.

கம்பெனி மூடினால் வேலைக்காரர்களுக்கு அடுத்து அடி வாங்குவது ஏற்கெனவே கார் வைத்திருப்பவர்தான். அம்பாசடர் 2014 வரை வந்தது, அதன் சாமான்கள் இன்றும் தேடினால் கிடைக்கும். ஹெரால்டுக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கண்ணாடி, உள் அலங்காரம், நான்கு கதவுக் காரின் பின்கதவு மாதிரி மெட்ராஸில் மட்டும் செய்த பொருள் போனால் இன்னொரு ஹெரால்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் கியர் ராடு புஷ் விஷயம் வேறு. 1962 முதல் 1980 வரை ஸ்பிட்ஃபயர் மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது, பெரும்பங்கு அமெரிக்காவுக்குப் போனது. அவற்றை ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்து வைத்து ஓட்டும் கூட்டம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இன்னும் இருக்கிறது. அவர்களை நம்பிப் பழைய டிரையம்ப் சாமான்களைப் புதிதாகச் செய்து விற்கும் கடைகள் இங்கிலாந்தில் நடக்கின்றன. அந்தக் கடைகளில் கியர் ராடு புஷ், ஸ்பிரிங், உருண்டை எல்லாம் ஒரே பொட்டலமாகப் போட்டு விற்கிறார்கள். ஸ்பிட்ஃபயருக்கும் ஹெரால்டுக்கும் பெரும்பாலும் அதே சாமான்தான். கீரனூர் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டகையில் ஒரு ஹெரால்டு நின்றுகொண்டிருந்தால், அதன் கியர் ராடு ஆட்டத்துக்கு மருந்து ஒரு தபால் கவரில் வந்துவிடும். கவரைப் பிரித்ததும் மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று: புது நைலான் புஷ்ஷை ஓட்டைக்குள் சுத்தியால் அடித்து ஏற்றாமல், கொஞ்ச நேரம் வெந்நீரில் போட்டு இளக வைத்து விரலாலேயே அழுத்திவிட வேண்டும்.