விடை தெரிந்த கணக்கு: நிரல்சேமிப்புக் கணினி சோதிக்கப்பட்ட வரலாறு (1936–1949)

முன்னுரை

கட்டளைகளையும் தரவுகளையும் ஒரே நினைவகத்தில் வைக்கலாம். கட்டளைகளை மாற்றினால் ஒரே பொறி வெவ்வேறு கணக்குகளைச் செய்யும். இன்றைய கணினிகளுக்கு அடித்தளமான ‘நிரல்சேமிப்பு’ என்னும் இக்கருத்து தாளிலிருந்து பொறிக்கு வந்தபோது எவ்வாறு சோதிக்கப்பட்டது, அச்சோதனையின் எல்லை எப்போது உணரப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தாளில் பிறந்த பொறி

ஒரு கணிதக் கூற்று நிறுவத்தக்கதா என்பதை இயந்திர முறையில் எப்போதும் முடிவுசெய்ய இயலுமா? கணிதவியலர் ஹில்பர்ட் எழுப்பிய இக்கேள்விக்கு, இயலாது என்று 1936இல் விடை கண்டார் கேம்பிரிட்ஜின் ஆலன் டூரிங். அதற்காக அவர் கற்பனையில் வகுத்த பொதுமைப் பொறி, வேறெந்தப் பொறியின் விவரிப்பையும் தன் நாடாவில் படித்து அதைப் போலவே இயங்கும். நிரலும் தரவும் ஒரே நாடாவில் அமைந்தன.

நினைவகம் என்னும் தடை

1946இல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. ஆயினும் புதிய கணக்குக்கு அதன் கம்பிகளையும் விசைகளையும் மாற்றியமைக்கப் பல நாட்கள் பிடித்தன. அதன் வடிவமைப்பாளர்களான எக்கெர்ட், மாக்லி ஆகியோருடன் நடந்த உரையாடல்களில் உருவான மாற்றுவழியை, அதாவது கட்டளைகளையும் நினைவகத்திலேயே வைப்பதை, எட்வாக் என்னும் அடுத்த கணினி பற்றிய 1945 ஜூன் 30 தேதியிட்ட அறிக்கையில் கணிதவியலர் வான் நாய்மன் வரையறுத்திருந்தார். ஆனால் அதற்கேற்ற வேகமான நினைவகம் இல்லை.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பிரெடெரிக் வில்லியம்ஸ், டாம் கில்பர்ன் இருவரும் கேத்தோடு கதிர்க்குழாயின் திரையில் பிட்டுகளை மின்னேற்றப் புள்ளிகளாகச் சேமித்தனர். அப்புள்ளிகள் நொடிப்பொழுதில் கசிந்துவிடும். மறையுமுன் படித்து மீண்டும் எழுதவேண்டும். பிட்டுகள் கணிப்பு வேகத்தில் மாறிக்கொண்டிருக்கையிலும் இந்நினைவகம் நிலைக்குமா என்று சோதிக்கவே ‘பேபி’ என்னும் சிறு கணினி கட்டப்பட்டது.

மான்செஸ்டர் சோதனை

பேபியின் நினைவகம் 32 சொற்கள். சொல்லுக்கு 32 பிட்டுகள். அதன் ஏழு கட்டளைகளுள் கணக்குச் செயல்கள் கழித்தலும் எதிர்க்குறியாக்கலும் மட்டுமே. 1948 ஜூன் 21இல் அதன் முதல் நிரல் ஓடியது. 17 கட்டளைகள் கொண்ட அந்நிரல், ஓர் எண்ணின் மிகப்பெரிய தகுகாரணியை (அவ்வெண்ணைத் தவிர்த்த காரணியை) கண்டறிவது.

சில நாட்களில் அதற்கு 262144 தரப்பட்டது. பொறி அதற்கடுத்த சிறிய எண்ணில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழிறங்கிச் சோதித்தது. வகுத்தல் கட்டளை இல்லாததால் திரும்பத் திரும்பக் கழித்தது. நினைவகத்தைச் சுமார் 35 லட்சம் முறை அணுகி, 52 நிமிடங்களில் 131072 என்ற விடையைத் தந்தது.

கொடுத்த எண்ணில் பாதியே அவ்விடை. காகிதத்தில் ஒரு நொடியில் காணலாம். சோதனையின் கூர்மை அதில்தான் இருக்கிறது. விடை முன்பே தெரிந்திருந்ததால், சோதிக்கப்பட்டது பொறி மட்டுமே.

சோதனையின் எல்லை

ஒரு கணக்கில் சரியாக இயங்கிய நிரல் மற்றொன்றில் தவறலாம். 1949 ஜூனில் கேம்பிரிட்ஜில் நடந்த மாநாட்டில் டூரிங் இதற்கொரு வழி சொன்னார். கூட்டலில் கையில் எடுத்துச்செல்லும் எண்களையும் எழுதிவைத்தால் ஒவ்வொரு செங்குத்து வரிசையையும் தனியே சரிபார்க்கலாம். அதுபோல, நிரலின் குறிப்பிட்ட இடங்களில் அங்கு உண்மையாக இருக்கவேண்டியவற்றை எழுதிவைத்தால், அவற்றைத் தனித்தனியே சரிபார்த்து முழு நிரலின் சரித்தன்மையை நிறுவலாம். எல்லா நிரல்களுக்கும் பொருந்தும் தானியங்கு சோதனை இயலாதென 1936இல் காட்டியவரே, ஒவ்வொரு நிரலுக்கும் அதை எழுதியவர் சான்று தரவேண்டும் என்றார்.

அதன் தேவையை 1994 உறுதிசெய்தது. இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சில்லின் வகுத்தல் அட்டவணையில் சில மதிப்புகள் விடுபட்டதால் 4195835ஐ 3145727ஆல் வகுக்கையில் 1.33382க்குப் பதில் 1.33374 வந்தது. இன்டெல் அதற்காக 47.5 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது.

முடிவுரை

விடை தெரிந்த கணக்கு, பொறி இயங்குகிறது என்பதற்குச் சான்று. விடை தெரியாத கணக்கில் அதை நம்புவதற்குத் தருக்கச் சான்றும் வேண்டும். 1949க்குள்ளேயே இவ்விரண்டும் கணினியியலுக்குக் கிடைத்துவிட்டன. இவற்றை ஒருசேரக் கற்பிப்பதே முறையான கணினிக் கல்வி.