சுல்தானின் பாசறையில் ஒரு துறவி

2019 பெப்ரவரி 4ஆம் திகதி, அபுதாபியில், பாப்பரசர் பிரான்சிஸும் அல்-அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் அல்-தையிபும் மனித சகோதரத்துவம் பற்றிய ஓர் ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள். 800 வருசத்துக்கு முந்தைய ஒரு சந்திப்பைப் பலரும் அப்போது நினைவுகூர்ந்தார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, எங்கள் நாட்டில் உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்தன. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன். அடுத்த மாதம் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஆகவே அந்தப் பழைய கதையை நாங்கள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வாசிக்கத் தொடங்கினோம்.

1219. ஐந்தாம் சிலுவைப் போர். எகிப்தின் தமியெத்தா நகரைச் சிலுவைப் படை முற்றுகையிட்டிருந்தது. ஓகஸ்ட் 29ஆம் திகதி அந்தப் படைக்குப் பெரிய அடி விழுந்தது. அதுக்குப் பிறகு வந்த போர் ஓய்வில், இத்தாலியின் அசிசியைச் சேர்ந்த துறவி பிரான்சிஸ், இல்லுமினாத்தோ என்ற சகோதரரோடு, ஆயுதம் எதுவும் இல்லாமல் எதிரிப் பாசறைக்கு நடந்துபோனார். அங்கே இருந்தவர் சுல்தான் அல்-காமில், சலாஹுத்தீனின் தம்பி மகன்.

என்ன கதைத்தார்கள்? இங்கேதான் நாங்கள் கவனமாக இருக்க வேணும். சிலுவைப் படையோடு இருந்த ஆயர் ஜாக் த வித்ரி 1220இல் எழுதிய கடிதத்தில் இருப்பது கொஞ்சம்தான்: பிரான்சிஸ் சில நாள் போதித்தார், பெரிய பலன் இல்லை, தனக்காகச் செபிக்கும்படி சுல்தான் கேட்டார். ஏறக்குறைய நாற்பது வருசம் கழித்து பொனவெந்தூரா எழுதும்போதோ, பிரான்சிஸ் தீக்குள் இறங்கத் தயார் என்று சவால் விடுகிறார், முஸ்லிம் அறிஞர்கள் நழுவிப்போகிறார்கள். அசிசிப் பேராலயத்தின் சுவரோவியத்திலும் அந்தத் தீதான் எரிகிறது. யாராவது ஒருத்தர் தோற்கவேணும் எண்ட ஆசை பிறகு வந்தவர்களுக்கு.

பிரான்சிஸ் மதம் மாற்றும் எண்ணத்தோடுதான் போனார். (நல்லிணக்க மேடைகளில் இதைச் சொல்லமாட்டார்கள்.) சுல்தான் மாறவில்லை, வந்தவரைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினார். போரும் நிற்கவில்லை. நவம்பர் 5இல் தமியெத்தா விழுந்தபோது, உள்ளே பெரும்பாலானோர் பசியாலும் நோயாலும் செத்துப்போயிருந்தார்கள்.

மாற்றம் தெரிவது 1221இல், பிரான்சிஸ் தன் சபைக்கு எழுதிய ஒழுங்கின் 16ஆம் அதிகாரத்தில். முஸ்லிம்கள் நடுவே போகிற சகோதரர்கள் இரண்டு விதமாக வாழலாம். முதலாவது, வாக்குவாதம் செய்யாமல், எல்லோருக்கும் பணிந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதை மறைக்காமல் வாழ்வது. போதிப்பது இரண்டாவது, அதுவும் கடவுளுக்கு விருப்பம் எண்டு கண்டால்தான். படையோடு போய் வந்த ஒரு காலத்தில் இப்படி எழுதியது சின்ன விசயமில்லை. 1223இல் பாப்பரசர் அங்கீகரித்த ஒழுங்கில் இந்தப் பகுதி இல்லை. எங்கட ஊர்களில் சர்வமதத் தலைவர்கள் வரிசையாக நிற்கும் படங்களைவிட, பக்கத்துக் கடையில் தொடர்ந்து சாமான் வாங்குவதுதான் இந்த முதலாவது விதத்துக்குக் கிட்ட வருகிறது என்று நாங்கள் நினைக்கிறோம்.

அதே 1221இல் சிலுவைப் படை கெய்ரோவை நோக்கிப் புறப்பட்டு, நைல் வெள்ளத்தில் சிக்கிச் சரணடைந்தது. பட்டினி கிடந்த அந்தப் படைக்கு அல்-காமில் சாப்பாடு அனுப்பினார். அந்தப் படையோடு இருந்த ஒலிவர் என்ற குருவானவர் பிறகு அதை எழுதிவைத்தார்: யாருடைய பெற்றோரையும் பிள்ளைகளையும் நாம் கொன்றோமோ, அவர்களே எமக்கு உணவு தந்தார்கள் என்று.