வேவு

'வேய்தல்' என்ற பழைய வினைக்கு ஒற்றி அறிதல் என்றும் ஒரு பொருள் உண்டு. வெட்சித் திணையில் 'வேய்' தனித் துறையே. ஆநிரை கவரப் போகுமுன் மாடுகள் எங்கே நிற்கின்றன, காவல் எவ்வளவு என்று ஒற்றர் பார்த்துவந்து சொல்வது அது. இந்த வேய்தான் வேவு ஆகியிருக்க வேண்டும். வேவு பார்ப்பது பகைவரை மட்டும்தானா? வள்ளுவரின் ஒற்றாடல் அதிகாரம் ஊழியரையும் சுற்றத்தாரையும்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் அது அரசனுக்குச் சொன்னது.

இன்று டார்ச் அடிக்கும் ஒரு செயலிக்குக்கூட என் தொடர்பு எண்களும் இருப்பிடமும் வேண்டியிருக்கிறது. 'அனுமதி' பளிச்சென்ற நீலத்தில். 'வேண்டாம்' கண்ணுக்கே தெரியாத சாம்பலில். அரசுக்கு இப்படி அனுமதி கேட்கும் சிரமமும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு இருக்கிறது. அதன்கீழ் 2018 டிசம்பரில் 10 அமைப்புகளுக்குக் கணினித் தகவல்களை இடைமறித்துப் பார்க்க அதிகாரம் தரப்பட்டது.

நிறுவனங்கள் இதைத் 'தரவு சேகரிப்பு' என்கின்றன. அரசு 'கண்காணிப்பு' என்கிறது. எழுதுகிறவர்கள் தயங்காமல் 'வேவு' என்றே எழுதலாம்.